முன்னால் நிற்கும் ‘இல்லை’

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டை ஒட்டியிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சாருக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் ‘அன்-இன் சார்’. எந்த வகுப்புக்கு வந்தாலும், எந்தப் பாடத்தை எடுத்தாலும், மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கரும்பலகையில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’, ‘நான்’ என்று தலைப்புப் போட்டுவிடுவார். பிறகு ஒவ்வொருவனாக எழுப்பிச் சொல் கேட்பார். ‘ஹேப்பி’ என்று ஒருவன் சொன்னால் அது எந்தக் கோட்டுக்குள் போகும் என்று அடுத்தவன் சொல்ல வேண்டும். ‘அன்ஹேப்பி’. ‘ஆனஸ்ட்’ என்றால் ‘டிஸ்ஆனஸ்ட்’. சரியாகச் சொன்னவன் உட்காரலாம். மற்றவர்கள் நின்றபடியே இருக்க வேண்டியதுதான்.

1980களின் தொடக்கம் அது. ஆறாம் வகுப்புக்கு வரும்போது எங்களில் பலருக்கு நாலு கோடு நோட்டில் எழுத்துகளை உட்கார வைப்பதே பெரும்பாடு. வீட்டில் இங்கிலீஷ் என்று ஒன்று கிடையாது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளில் இருந்ததுதான் நாங்கள் தினமும் பார்த்த இங்கிலீஷ். அம்மாவும் அக்காமாரும் வாசலில் உட்கார்ந்து மயில்துத்தம் கலந்த மைதாப் பசையைத் தொட்டுத் தொட்டுப் பெட்டி ஒட்டுவார்கள். லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக அக்கா மூன்று நான்கு எழுத்துகளை அடையாளம் தெரிந்து வைத்திருந்தாள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளிடம் போய் சார் வியாபாரம் பேசினார். “ஒரு சொல்லு வாங்கினா இன்னொரு சொல்லு ஓசி. ‘பாசிபிள்’ படிச்சிட்டா ‘இம்பாசிபிள்’ தனியாப் படிக்க வேண்டாம். யாருக்குடா கசக்குது?” ஓசி என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்த ‘இம்’ எங்கிருந்து வந்தது என்று அவர் காட்டிய விதம் நன்றாக நினைவிருக்கிறது. ஆட்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு ‘இன்பாசிபிள்’ என்று வேகமாகச் சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் ‘இன்’ வருகிறது. வேகம் கூடக் கூட ‘பா’வுக்காக உதடு முன்கூட்டியே மூடிக்கொள்கிறது, மூடிய உதட்டுக்குள் ‘ன்’ போய் ‘ம்’ ஆகிவிடுகிறது. வகுப்பு முழுக்க உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கத்தியதில் பக்கத்து வகுப்பிலிருந்து தமிழ் ஐயா எட்டிப் பார்த்தார். அவர் அந்த நேரம் ‘வரும்’, ‘காலம்’ இரண்டும் சேர்ந்து ‘வருங்காலம்’ ஆவதை நடத்திக்கொண்டிருந்தார். வாய்க்குச் சோம்பல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. ‘ப’, ‘ம’ முன்னால் ‘இம்’. ‘ல’ முன்னால் ‘இல்’, அதனால் ‘இல்லீகல்’. ‘ர’ முன்னால் ‘இர்’, அதனால் ‘இர்ரெகுலர்’. சூத்திரம் போல மனப்பாடம் ஆகிவிட்டது. ‘இர்ரெகுலர்’ வருகைப் பதிவேட்டிலும் இருந்தது என்பதால் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் ஒருவன் கேட்டான்: “சார், அப்போ ‘அன்லக்கி’ ஏன் ‘அல்லக்கி’ ஆகலே?” நல்ல கேள்வி. சார் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார். குஷி வந்தால் அப்படித்தான். ‘அன்’ இங்கிலீஷ்காரன் வீட்டுப் பிள்ளை, ‘இன்’ லத்தீன் வீட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை என்றார். சொந்தப் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இருந்தபடி இருக்கும். மாப்பிள்ளைதான் பக்கத்தில் இருப்பவருக்குத் தக்கபடி முகத்தை மாற்றிக்கொள்வார். பின்னாளில் படித்தபோது, அந்த முகமாற்றம் ரோமாபுரியிலேயே நடந்து முடிந்த விஷயம், இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே ‘இன்’ அப்படித்தான் பழகியிருந்தது என்று தெரிந்தது. ஆனாலும் அந்த உறவுமுறையைச் சொல்லிக்கொடுத்ததால்தான் எனக்கு ‘அன்பிளசன்ட்’டும் ‘இம்பேஷன்ட்’டும் இன்றுவரை குழம்பவில்லை.

வகுப்பில் படித்ததைவிட வெளியில் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். மீட்டர்கேஜ் ரயிலில் மதுரைக்குப் போகும்போது எங்களுக்கு வாய்த்தது எப்போதும் ‘அன்ரிசர்வ்ட்’ பெட்டி. ‘அன்’ என்ற எழுத்தைப் பார்த்துவிட்டால் அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்குவார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த முதல் எழுத்தின் வளைவு தெரியும். மதுரையில் ஓட்டல் வாசலில் ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டி வாசித்துப் பொருளும் சொன்னேன். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு அளவுச் சாப்பாடு சொன்னார்.

பஸ்ஸில் ‘நான்-ஸ்டாப்’. அதற்கு நம் போக்குவரத்துக் கழகத்தார் வைத்த ‘இடைநில்லாப் பேருந்து’ என்ற பெயர் எனக்கு அந்த வயதிலேயே மிகவும் பிடித்துப்போனது. இன்றும் அந்த அழகு ‘நான்-ஸ்டாப்’புக்கு இல்லை. பள்ளியில் ‘நான்-டீடெயில்’ என்று ஒரு புத்தகம். கதைகளாக இருக்கும். பெயர்தான் அப்படி; நாங்கள் விவரமாக, வரிக்கு வரி படித்த ஒரே பாடப்புத்தகம் அதுதான். சாப்பாட்டுக்கடைப் பலகையில் ‘நான்-வெஜ்’. எங்கள் பக்கத்தில் கறிசோறு என்றுதான் பேச்சு; ‘அசைவம்’ என்பது கல்யாணப் பத்திரிகை படித்தவர்கள் சொல்வது. ஒருநாள் தமிழ் ஐயா சைவத்துக்கு முன்னால் ‘அ’ போட்டால் அசைவம், நீதிக்கு முன்னால் போட்டால் அநீதி, அவசியத்துக்கு முன்னால் போட்டால் ‘அன்’ ஆகி அனாவசியம் என்று சொல்லிக்கொண்டு போக, நாங்கள் சேர்ந்து “இங்கிலீஷ் சாரோட அன்!” என்று கூவினோம்.

ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. ஓய்வறையில் இருவரும் அதைப் பேசியிருக்க வேண்டும். மறுவாரம் இங்கிலீஷ் சார் வந்து, நீங்கள் கத்தியது சரிதான் என்றார். வடமொழியின் ‘அ’, ‘அன்’, கிரேக்கத்தின் ‘அ’, ‘அன்’, லத்தீனின் ‘இன்’, இங்கிலீஷின் ‘அன்’ எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உயிரெழுத்து முன்னால் ‘அன்’ ஆவது வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் பொது. எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் அக்கா பெண்கள் சீட்டில் எழுதுகிற ‘அனீமியா’ அந்தக் கிரேக்க வகை: ரத்தம் இல்லை. எத்தனையோ வீடுகளில் அந்தச் சீட்டு இருந்தது. நாளெல்லாம் பசையும் குச்சியுமாக உட்கார்ந்த பெண்களுக்கு எழுதப்பட்ட ‘இல்லை’ அது.

தமிழ் இந்தக் கூட்டத்தில் சேராது. நமக்கு ‘இல்லை’ முன்னால் வருவதில்லை. சொல்லின் வாலில் வந்து ஒட்டும். படி என்றால் படிக்க வேண்டும், முழுக்கக் கேட்டால்தான் படியாதே என்று தெரியும். ஐயா இதற்குத் திருக்குறளின் அதிகாரப் பெயர்களையே எடுத்தார். அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை, கள்ளுண்ணாமை. மூச்சு விடாமல் சொல்வார். “வள்ளுவர் வளர்த்த ஆமைகள்” என்று அவரே சிரிப்பார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே என்று ஒரு பெண் கேட்டதற்கு, “அது கல்லாமை, அதுவும் 41ஆம் அதிகாரத்துல இருக்கு” என்றார். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு அவர் தந்த உதாரணம் செல்லாக்காசு. மார்க் குறைந்தவனைக் கூப்பிட வேறு பெயர் தேட வேண்டிய சிரமம் அவருக்கு அன்றிலிருந்து தீர்ந்தது.

முன்னால் ஒட்டுவதிலிருந்த ருசி எங்களைப் பிடித்துக்கொண்டது. கண்டதுக்கெல்லாம் ‘அன்’ போட்டோம். அம்மா வைத்த பழைய சோறு ‘அன்-சோறு’. சனிக்கிழமை பள்ளி வைத்தால் ‘அன்-லீவு’. பேச்சை நிறுத்தியவன் ‘டிஸ்-கூட்டாளி’. சிங்கத்துக்கு எதிர்ச்சொல் அசிங்கம் என்று ஒருவன் தேர்வில் எழுதி, விடைத்தாள் ஆசிரியர் அறை முழுக்கச் சுற்றி வந்தது. சார் அதைத் திட்டவில்லை. லூயிஸ் கரோல் என்று ஒருத்தர் இதே வேலையைச் செய்திருக்கிறார், 1871இல் வந்த கதையில் ‘அன்-பர்த்டே’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார், பிறந்தநாள் வருஷத்துக்கு ஒன்று, பிறக்காத நாள் 364, அதற்கெல்லாம் பரிசு உண்டு என்று சொன்னார். எங்களில் பாதிப்பேருக்குப் பிறந்த தேதியே பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்டதுதான். பரிசு கிடைக்கிற கணக்கில் எந்த நாளாக இருந்தால் என்ன?

சூத்திரம் முதன்முதலில் உடைந்தது பைபாஸ் ரோட்டுப் புரோட்டாக் கடை முன்னால். அப்போது அது தேசிய நெடுஞ்சாலை 7. இப்போது 44 என்கிறார்கள். கன்னியாகுமரி வரை போகும் லாரிகள் அங்கேதான் நிற்கும். ஒரு பெட்ரோல் டேங்கர், சிவப்பு எழுத்தில் பின்பக்கம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’. நாங்கள் மூன்று நான்கு பேர் சைக்கிளை நிறுத்தி எழுத்துக் கூட்டினோம். ‘ஃப்ளேம்’ என்றால் தீ. ‘இன்’ என்றால் இல்லை. ஆகவே, தீயே பிடிக்காது. அதுவும் ‘ஹைலி’. “ஏலே, இது தண்ணி லாரிலே” என்று தீர்ப்பு ஆனது. லாரி கிளீனர் மகன் ஒருவன் எங்கள் கூட்டத்தில் இருந்தான். அவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்கப்பா அதுக்குப் பக்கத்துல பீடியே குடிக்க மாட்டாரு” என்றான். எழுத்தை நம்புவதா, அவன் அப்பாவை நம்புவதா?

தீப்பெட்டி ஊர்ப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு இல்லை. குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் தடவுவது சிவப்புப் பாஸ்பரஸ், இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் அது ‘சேஃப்டி மேட்ச்’ என்பதெல்லாம் விஞ்ஞானப் பாடத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரியும். எந்த மூட்டைப் பக்கம் போகக் கூடாது என்பதை அடி வாங்கிப் படித்தவர்கள் நாங்கள். மறுநாள் சாரிடம் கேட்டோம். அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. “கிளீனர் சொன்னதுதான் சரி. அந்த ‘இன்’ இல்லைங்கிற ‘இன்’ கிடையாது. உள்ளேங்கிற ‘இன்’. தீயை உள்ளே வாங்கிக்கிடும்னு அர்த்தம். இனிமே எந்த லாரியில எந்த எழுத்து இருந்தாலும் பத்தடி தள்ளி நில்லுங்க” என்றார்.

நாங்கள் செய்த வாதத்தை அமெரிக்காவில் பெரியவர்களே செய்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ‘இன்’னைப் பார்த்துத் தீப்பிடிக்காத பொருள் என்று எவராவது எண்ணிவிடுவார்கள் என்று பயந்து, 1920களில் அங்குள்ள தீத்தடுப்புச் சங்கத்தார் ‘இன்’னை நீக்கி ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்று. தீப்பிடிக்காததைச் சொல்ல ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று இன்னொன்று. நம் சாலைகளில் ‘இன்’ போட்டதும் போடாததும் இரண்டும் ஓடுகின்றன. என் கட்சி ‘ஃப்ளேமபிள்’ கட்சி. உயிர் போகிற இடத்தில் லத்தீன் இலக்கணம் எதற்கு?

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது வாசித்த மடலில் ‘இன்வேல்யூபிள் சர்வீஸ்’ என்று வந்தது. ‘வேல்யூ’ தெரிந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேடையில் வைத்தே இப்படி அவமானப்படுத்துகிறார்களே என்று. நல்லவேளை, ஐயா தமிழில் பேசும்போது ‘விலைமதிப்பில்லாத’ என்றார். மதிப்பில்லாதவர் என்றால் வசவு, விலைமதிப்பில்லாதவர் என்றால் மாலை மரியாதை. இரண்டு மொழிக்கும் இந்த இடத்தில் ஒரே குணம். ‘இன்ஃபேமஸ்’ இதற்கு நேர் எதிர்: ஊர் முழுக்கத் தெரிந்த ஆள்தான், தெரிந்த காரணம் கேவலம்.

சார் சொல்லாமல் விட்டது ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டியில் நடுவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’டாக இருக்க வேண்டும், அதாவது எந்தப் பக்கமும் ஆதாயம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பார். அந்த வருஷம் எங்களுக்கு வாய்த்த நடுவர் வேப்பமர நிழலில் தூங்கி வழிந்தார். “அது ‘அன்இன்ட்ரஸ்டட்’” என்றார். அகராதியில் பத்து முறை தேடினாலும் இப்படிப் பதியாது. பள்ளியில் லிஃப்கோ அகராதி ஒன்று சங்கிலி கட்டாத குறையாக ஓய்வறையில் இருந்தது. அதை எடுத்துவரப் போவது ஒரு பதவி.

திங்கட்கிழமை காலையில் எண்ணெய் காணாத தலைகளை வரிசையில் நிறுத்துவார்கள். சார் ஒவ்வொரு தலையாகத் தொட்டு ‘அன்கெம்ப்ட்’, ‘அன்கெம்ப்ட்’ என்று சொல்லிக்கொண்டே போவார். அப்படியானால் சீவிய தலை ‘கெம்ப்ட்’தானே என்று கேட்டோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, சீப்பால் வாரியது என்று பொருள், இப்போது அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை என்றார். “சீவின தலைக்குப் பேரு தேவைப்படலே. பரட்டைக்குத்தான் பேரு.” ‘அன்கூத்’தும் அப்படி. பழைய இங்கிலீஷில் தெரியாதவன் என்று பொருள். தெரியாதவனெல்லாம் முரடன் என்று ஊர் முடிவு கட்ட, சொல்லும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழில் அசகாய சூரன் என்கிறோம். சகாயம் இல்லாத, துணையே வேண்டாத வீரன். சகாய சூரன் என்று ஒருவன் இருந்தால் அவனைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? லட்சியமும் அலட்சியமும் பிறப்பில் எதிரிகள். இன்று ஒரே ஆளிடம் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன.

வரலாற்றுப் பாடம் எடுக்கும் ஆசிரியர் மாறுதலாகிப் போன வருஷம் அதையும் சாரே எடுத்தார். 1920 ஒத்துழையாமை இயக்கம், ‘நான்-கோஆபரேஷன்’. 1930 சட்டமறுப்பு இயக்கம், ‘சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்’. நடுவில் பத்து வருஷம். ‘நான்’ போய் ‘டிஸ்’ வந்திருக்கிறது, கவனியுங்கள் என்றார். முதலாவதில் வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் வேண்டாம், கோர்ட் வேண்டாம், பட்டம் வேண்டாம் என்று விலகி நின்றார்கள். இரண்டாவதில் உப்புக் காய்ச்சாதே என்ற சட்டத்தை நேருக்கு நேர் மீறினார்கள். தண்டியில் காந்தி, வேதாரண்யத்தில் ராஜாஜி. ‘நான்’ ஒதுங்கும், ‘டிஸ்’ எதிர்த்து நிற்கும். மறுநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் எழுந்து, தான் செய்தது ‘நான்’தான், ‘டிஸ்’ இல்லை என்று வாதாடினான். அடி இரண்டுக்கும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்துகொண்டான்.

அந்தப் பட்டியல்களில் ஒரு சொல்லை மட்டும் சார் கரும்பலகையில் எழுதியதில்லை. புத்தகத்தைத் திறக்கச் சொல்வார். எங்கள் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று மூன்று வரி அச்சாகியிருக்கும். தமிழ்ப் புத்தகத்தில் தமிழில், இங்கிலீஷ் புத்தகத்தில் இங்கிலீஷில். புதுப்புத்தகம் கொடுத்த அன்று முதல் பாடம் அதுதான். “இதுல என்னென்ன முன்னொட்டு இருக்கு?” ‘அன்டச்சபிலிட்டி’யில் ஒரு ‘அன்’, ‘இன்ஹ்யூமன்’னில் ஒரு ‘இன்’. வீட்டுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் ஒரே பக்கத்தில். ஐயாவின் கணக்கில் பார்த்தால் தீண்டாமையும் ஓர் ‘ஆமை’. கொல்லாமை, கள்ளாமை என்று அறமாக நின்ற அதே வால்தான் இங்கே குற்றத்தின் பெயராக நிற்கிறது. வள்ளுவரின் அதிகாரங்களில் அது இல்லை.

பக்கத்து ஊரில் ஒரு டீக்கடை. அங்கே காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ். கூரைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் வருவோம். லாரி கிளீனர் மகன் காலனிப் பையன்தான். அவன்தான் எழுந்து, “சார், இதுல ‘அன்’ எடுத்துட்டா மிச்சம் என்ன சார்?” என்று கேட்டான். ஓசிக்குச் சொல் தருகிற சார் அன்று கொஞ்சம் தடுமாறினார். “மிச்சம் நிக்கிற சொல்லை இங்கிலீஷ்ல யாரும் புழங்குறதில்லே. மனுசனை மனுசன் தொடுறதுக்கு எதுக்குத் தனியாப் பேரு?” என்றார். அந்தக் கடையில் அவர் ஒருநாளும் டீ குடித்ததில்லை என்பதைப் பெரியவர்கள் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் குடிப்பாராம்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுவோரைத் தண்டிக்க 1955இல் வந்த சட்டத்தின் பெயரில் ‘அன்டச்சபிலிட்டி’ என்ற சொல் இருந்தது. 1976இல் அதைத் திருத்தியபோது பெயரையும் மாற்றி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று வைத்தார்கள். சட்டத்தின் தலைப்பிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில், வாசகம் கொஞ்சம் மாறி, அது இன்னும் அச்சாகிறது.